கண் அசரும் நேரம்

எண்ணெய்த் தலையோடு வரும் குழந்தையை நான் திருப்பி அனுப்புவதில்லை. அனுப்பும் இடங்கள் உண்டு. "தலைக்குக் குளிச்சு, எண்ணெய் வைக்காமக் கூட்டிட்டு வரணும்னு சீட்டுல எழுதியிருக்கே, பாக்கலயா?" என்று கேட்டுவிட்டு வேறு தேதி போட்டுக் கொடுத்துவிடுவார்கள். முறைப்படி அதில் தப்பில்லை. பிசுக்குத் தோலில் எலக்ட்ரோடு நிற்காது. நின்றாலும் இம்பீடன்ஸ் என்னும் மின்தடை இறங்காது. ஆனால் வந்திருப்பவர்கள் கொல்லிமலையிலிருந்தோ, ராசிபுரம் தாண்டி ஏதோ ஒரு காட்டுக்கொட்டாயிலிருந்தோ முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். முந்தின ராத்திரி பிள்ளையைத் தூங்கவிடாமல் அப்பனும் ஆத்தாளும் மாற்றி மாற்றிக் கண்விழித்திருக்கிறார்கள். கிளம்பும் அவசரத்தில், உச்சி காயக் கூடாதென்று அப்பாயி ஒரு கை விளக்கெண்ணெய் வைத்துவிட்டிருப்பார். அந்த ஒரு கை எண்ணெய்க்காக ஒரு முழு ராத்திரியை வீணாக்க எனக்கு மனசு வராது. அறையில் வெந்நீர் இருக்கிறது, சீயக்காய்த் தூள் இருக்கிறது, துண்டு இருக்கிறது. கால் மணி நேரத்தில் தலை தயார்.

சேலத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் இ.இ.ஜி., அதாவது மூளையின் மின்னலைப் பதிவு, எடுப்பது என் வேலை. சொந்த ஊர் பனமரத்துப்பட்டி. அங்கிருந்துதான் தினமும் பஸ். இந்த வேலை கற்க வரும் பிள்ளைகள் பட்டயப் படிப்பு முடித்த கையோடு வருகிறார்கள். அலைகளின் பெயரெல்லாம் தலைகீழாகச் சொல்வார்கள். பெரியவர்களின் பதிவை அவர்கள் சில மாதங்களில் பிடித்துக்கொள்வதையும் பார்க்கிறேன். தூங்கும் குழந்தையின் பதிவுக்கு வரும்போதுதான் கை உதறும். அங்கே மெஷின் செய்வது பாதிகூட இல்லை. குழந்தை தானாகக் கண் அசர வேண்டும். அசரும்போது அறையில் என்னென்ன நடந்தது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் தொழில் இந்த இரண்டும்தான். அலையைப் படித்துச் சொல்வது டாக்டருடைய வேலை.

"முழிச்சிருக்கும்போதே எடுத்தா ஆகாதா மேடம்?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வலிப்பு நோய் உள்ள பிள்ளைக்கு விழிப்பில் மட்டும் ஒரு பதிவு எடுத்தால், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அதில் ஒன்றுமே தெரியாது. விழித்திருக்கும்போது மூளையின் ஒவ்வொரு பகுதியும் தன் தன் வேலையில் இருக்கிறது. தூக்கம் ஆழமாக ஆழமாக, தாலமஸ் கொடுக்கும் தாளத்துக்கு மேலே உள்ள புறணி முழுவதும் ஒன்றாக ஏறி இறங்குகிறது. அந்தக் கூட்டு அசைவில்தான் பகலில் ஒளிந்திருந்த ஸ்பைக், அதாவது வலிப்பைக் காட்டும் கூர் அலை, தலைகாட்டும். அமெரிக்காவில் ஃப்ரெடரிக் கிப்ஸ், எர்னா கிப்ஸ் தம்பதியர் 1947-லேயே தூக்கப் பதிவின் மதிப்பை எழுதிவைத்துவிட்டார்கள். கனவுத் தூக்கம் வந்ததும் அந்தத் தாளம் கலைந்து ஸ்பைக்கும் குறைந்துவிடும். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் தூங்கும் குழந்தை அதுவரை போவது அபூர்வம்.

ஆகவே முதல் வேலை, தூக்கத்தை மிச்சம்பிடித்துக் கொண்டுவரச் சொல்வது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்றால் ராத்திரி வழக்கத்தைவிட வெகுநேரம் கழித்துப் படுத்து, விடியும் முன்னே எழ வேண்டும். கைக்குழந்தைக்கு அது வேண்டாம். அது தூங்கும் நேரத்துக்கு நம் நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும். சீட்டில் இதெல்லாம் அச்சடித்துத் தருகிறோம். அச்சில் வராத ஒன்று உண்டு: பஸ். ராத்திரி முழுக்க விழித்திருந்த பிள்ளை, ஜன்னல் காற்று முகத்தில் பட்டதும் மல்லூர் வருவதற்குள் அப்பன் தோளில் சாய்ந்துவிடும். பதினைந்து நிமிஷத் தூக்கம்தான். அது போதும், இங்கே வந்து படுக்கையில் விட்டால் கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டிருக்க. அதனால் தேதி கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்: "பஸ்ல தூங்கவிடாதீங்க. கூட ஒரு ஆள் வரட்டும். கதை சொல்லிட்டே வாங்க, கடலை உருண்டை வாங்கிக் கொடுங்க, என்ன வேணா பண்ணுங்க." எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி. அரளியும் குண்டுமல்லியும் போட்ட வீடுகளில் விடியும் முன்னே டார்ச் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கப் போவார்கள். ஒரு தகப்பன் மகனையும் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கூடையைக் கையில் கொடுத்துவிட்டார். பையன் பூவோடு பூவாகச் சேலம் வந்தான். தலையைக் கழுவித் துவட்டுவதற்குள் கண் சொக்கிவிட்டது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரைப் பெரிய சார் என்போம். மை பேனா மெஷின் காலத்து ஆள். பதினாறு பேனாக்கள், விநாடிக்கு 30 மில்லிமீட்டர் ஓடும் தாள், பத்து விநாடிக்கு ஒரு பக்கம். அரை மணி நேரத் தூக்கம் என்றால் 180 பக்கம் மடிந்து மடிந்து தட்டில் விழும். அவர் மெஷினுக்கு முதுகு காட்டி, குழந்தையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பேனா ஓடும் சத்தம் மாறினால் மட்டும் திரும்புவார். ஸ்பைக் வந்தால் பேனா டக்கென்று அடிக்கும். கைக்குழந்தைகளின் பெரிய அலைகள் வந்தால் பக்கத்துப் பேனாவோடு மோதிக்கொள்ளும். உடனே சென்சிடிவிட்டியைக் குறைப்பார். பெரியவர்களுக்கு மில்லிமீட்டருக்கு 7 மைக்ரோவோல்ட் என்று வைப்பது குழந்தைத் தூக்கத்துக்கு ஒத்துவராது. 10, 15 என்று மாற்றினால்தான் அலை முழு உருவத்தோடு தெரியும். இன்றைக்குத் திரையில் பேனா மோதுவதில்லை. அதனாலேயே புதியவர்கள் மாற்ற மறந்துவிடுகிறார்கள்; கறுப்பு மெழுகியதுபோல் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் புரியல மேடம்" என்கிறார்கள்.

பெரிய சாரின் கையைப் பார்த்துக் கற்றவை பல. குழந்தையின் தலையை அவர் ஒருபோதும் அழுத்திப் பிடித்ததில்லை. இடது உள்ளங்கையைப் பிடரிக்குக் கீழே கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். குழந்தை நாலு தரம் திமிறிப் பார்க்கும், பிறகு கழுத்தின் பாரத்தைத் தானே அந்தக் கையில் இறக்கிவிடும். அப்புறம்தான் டேப்பை எடுப்பார். வேலையைப் பின்னந்தலையிலிருந்து தொடங்குவார், நெற்றியைக் கடைசிக்கு விடுவார். கண்ணுக்கு எதிரே கை வந்தால்தான் குழந்தை மிரளும். நெற்றியில் ஒட்டியதைத்தான் முதலில் பிய்த்தெறியும். ஏ.சி. அறையில் பேஸ்ட் சில்லென்று இருக்கும். அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கிய பிறகே தலையில் வைப்பார். விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் முதல் எலக்ட்ரோடை அதன் அம்மா கையில் ஒட்டிக் காட்டுவார். "பாரு சாமி, அம்மாவுக்கு வலிக்குதா?" அம்மா சிரிக்க வேண்டும், அதையும் முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார்.

அளவெடுப்பதில் மட்டும் அவர் ராட்சசன். எத்தனை ஆயிரம் தலை பார்த்தாலும் கண் அளவில் ஒட்ட விடமாட்டார். மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பிடரி எலும்பின் மேடு வரை டேப். 34 சென்டிமீட்டர் வந்தால் முதல் புள்ளி 3.4-ல், அடுத்தவை 6.8 இடைவெளியில். அதேபோல் காதுக்குக் காது. சிவப்புப் பென்சிலால் குறி. குச்சியின் முனையால் வகிடு பிரித்து, தோலை மெதுவாகத் தேய்த்து, பேஸ்ட் வைத்து, மேலே ஒரு துண்டு காஸ். இம்பீடன்ஸ் 5 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை அடுத்ததைத் தொடக் கூடாது. இடங்களுக்கு ஓ1, சி3 என்று பெயர்; ஒற்றைப்படை எண் இடது பக்கம், இரட்டைப்படை வலது பக்கம், இரண்டு காது உட்பட மொத்தம் 21 இடங்கள். கனடாவின் மான்ட்ரியலில் ஹெர்பர்ட் ஜாஸ்பர் 1958-ல் வெளியிட்ட முறை இது. அதே மான்ட்ரியலின் நரம்பியல் நிலையத்தில் நரம்பறுவை மருத்துவர் பென்ஃபீல்டிடம் படித்துவிட்டு வந்துதான் ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கினார். நம் பக்கத்து இ.இ.ஜி. கைகளுக்கு அந்த வழியில் ஒரு பரம்பரை உண்டு என்று பெரிய சார் பெருமையாகச் சொல்வார். சொல்லிவிட்டு, "சரி, ஓ1 கழண்டிருக்கு, போய்ப் பாரு" என்பார்.

இத்தனை அளவு எதற்கு என்று புதியவர்களுக்கு முதலில் விளங்காது. விளங்கவைக்கும் குழந்தை ஒரு நாள் வரும். ரோலாண்டிக் வலிப்பு உள்ள பிள்ளைகளைச் சொல்கிறேன். மூன்று வயதிலிருந்து பதின்மூன்று, பதினான்குக்குள் வருவது; பிள்ளைகளுக்கு வரும் வலிப்புகளில் மிகச் சாதாரணமானவற்றில் ஒன்று. தூங்கிய கொஞ்ச நேரத்தில், அல்லது விடியற்காலையில், வாய் ஒரு பக்கம் இழுக்கும், எச்சில் ஒழுகும், பிள்ளைக்கு நினைவு இருக்கும் ஆனால் பேச்சு வராது. தொண்டையில் ஒரு சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்துபோய் மந்திரிக்கக் கூட்டிப்போனவர்கள்தான் அதிகம்.

ஏழு வயதுப் பையன் ஒருவன். கையில் கறுப்புக் கயிறு, இடுப்பில் தாயத்து, குலதெய்வம் கோயிலில் அப்போதுதான் போட்ட மொட்டை. மொட்டைத் தலை என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம்தான், வகிடு பிரிக்கும் வேலை இல்லை. ஆனால் காய்ந்த சந்தனம் தோலில் ஓடுபோல் உட்கார்ந்திருக்கும். அதைச் சுத்தமாக எடுக்காவிட்டால் எண்ணெய்த் தலையைவிட மோசம். விழிப்பில் இருபது நிமிஷம் எடுத்தோம். காகிதக் காத்தாடியைக் கையில் கொடுத்து மூன்று நிமிஷம் ஊதவும் வைத்தோம். வயதுக்கு ஏற்ற அலைகள், ஒரு பழுதும் இல்லை. பையன் எழுந்து உட்கார்ந்து வயரைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிட்டான். என்னோடு இருந்த பயிற்சிப் பெண், "எல்லாம் நார்மல்தானே மேடம், முடிச்சுக்கலாமா?" என்றாள். விளக்கை அணைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். வெளியே வரிசையில் ஆட்கள்; கம்பவுண்டர் இரண்டு தரம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முக்கால் மணி நேரம் போயிற்று. பையனின் கண் செருகி, கண்மணிகள் மெதுவாக இடமும் வலமும் மிதந்தன. பின்னந்தலையில் விழிப்புக்குரிய ஆல்ஃபா அலை கலைந்தது. ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்றாவது பக்கத்தில் சி3-யிலும் டி3-யிலும் ஸ்பைக். பிறகு பக்கத்துக்கு நாலு, ஐந்து. விழித்ததும் மறைந்துவிட்டன.

சி3-யை ஒரு விரற்கடை மேலே ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? ஸ்பைக் உச்சிப்பக்கம் நகர்ந்தாற்போலத் தெரியும். உச்சியில், சி இசட் இடத்தில், தூங்கத் தொடங்கும் எல்லாக் குழந்தைக்கும் கூர்மையான வெர்டெக்ஸ் அலை வரும். குழந்தைகளுக்கு அது பெரிதாக, வரிசையாகக்கூட வரும். நோய் அலையும் தூக்க அலையும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருக்கின்றன. கதவு எண்ணை நாம்தான் தலையில் சரியாக எழுத வேண்டும். அந்தப் பையனின் அப்பாயியிடம், பதினைந்து பதினாறு வயதுக்குள் இது தானாகவே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னபோது, அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். டாக்டர் சொன்ன பிறகு தலையாட்ட எனக்கு உரிமை உண்டு.

தூக்கத்தின் அலைகளை அடையாளம் காண ஆரம்பத்தில் ஒரே வழி, நிறைய நல்ல குழந்தைகளைப் பார்ப்பது. சிக்கலான பதிவுகளைத் தேடி ஓடாதீர்கள். ஸ்பிண்டில் என்பது விநாடிக்கு 12 முதல் 14 வரை துடிக்கும் சின்னக் கொத்து. இரண்டு முனையும் சிறுத்து நடுவில் பருத்து, நம் ஊர்த் தறியில் போடும் தார்போல இருக்கும். பிறந்து ஆறு, எட்டு வாரத்தில்தான் அது தோன்றும். முதல் வருஷத்தில் இடதும் வலதும் தனித்தனியே வரும். ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வராததைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் எப்போதுமே ஒரு பக்கம் மட்டும் வரவில்லை என்றால் குறித்துவையுங்கள்.

அதைவிடத் தந்திரமானது கண் அசரும் அந்த ஓரிரு நிமிஷம். நாலைந்து வயதுக் குழந்தைக்குச் சொக்கும்போது விநாடிக்கு மூன்று முதல் ஐந்து வரை உயரமான அலைகள் தலை முழுக்க ஒரே கொத்தாகப் பாய்ந்து வரும். இடையில் சின்னக் கூர்களும் கலந்திருந்தால், வலிப்பு அலை என்று சத்தியம் செய்யலாம்போல் இருக்கும். அது வெறும் உறக்க மயக்கம். ஆரோக்கியமான பிள்ளைக்கு வருவது. எங்களிடம் ஒரு பெண்குழந்தை வந்தது. ஏற்கெனவே ஒரு இடத்தில் எடுத்த பதிவில் இந்தக் கொத்துகளைக் கண்டு, வலிப்பு என்று எழுதி, மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு வந்ததென்னவோ அழுது அழுது மூச்சுப் பிடித்து நீலம் பாரிப்பது. பழைய பதிவை டாக்டர் புரட்டிப் பார்த்தார். அந்தக் கொத்துகள் வந்த இடத்தில் ‘தூக்கம் சொக்குகிறது’ என்ற ஒரு குறிப்பு இல்லை. எடுத்தவர் அந்த இரண்டு சொல்லை எழுதியிருந்தால் படித்தவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

அதனால்தான் குறிப்பு குறிப்பு என்று அடித்துக்கொள்கிறேன். என் அறையில் நடந்த ஒன்று. எட்டு மாதக் குழந்தை, பயிற்சிக்கு வந்த பையன் பதிவு எடுத்தான். விநாடிக்கு இரண்டு வீதம், பின்னந்தலையில் ஒரே சீராக ஓடும் அழகான மெது அலை, பக்கம் பக்கமாக. பையன் பூரித்துப்போய் அழைத்து வந்து காட்டினான். அந்தக் காலத்தில் இதே போன்ற அலையைப் பார்த்துப் பெரிய சார் கேட்ட கேள்வியையே நானும் கேட்டேன்: "அம்மா கை எங்க இருந்துச்சு?" முதுகில் இருந்தது. தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டில் தலை ஆடி, தலையோடு வயர் ஆடி, அது அலையாக விழுந்திருக்கிறது. மூளையிலிருந்து வரும் அலைக்கு அவ்வளவு ஒழுங்கு இருக்காது. அம்மாவைக் கையை எடுக்கச் சொன்னோம்; அலை நின்றது.

தட்டாதே என்று தாயைத் தடுக்கக் கூடாது. தட்டினால்தான் தூங்கும் பிள்ளைகள் உண்டு. தட்டட்டும்; ‘அம்மா தட்டுகிறார்’ என்று அந்த இடத்தில் எழுது. நிறுத்தினால் ‘நிறுத்தினார்’ என்று எழுது. பால் சப்புவது, விக்கல், தேம்பல், கொசு கடித்துக் கால் உதைப்பது, மேலே ஃபேன் காற்றில் வயர் அசைவது, யாரோ கதவைச் சாத்தியது, பக்கத்து அறையில் செல்போன் சார்ஜரைச் செருகியது: ஒவ்வொன்றுக்கும் பதிவில் ஒரு முகம் உண்டு. சித்திரை வைகாசியில் கரண்ட் போய் ஏ.சி. நின்றால் பத்து நிமிஷத்தில் குழந்தைத் தலை வியர்க்கும். அப்போது அடிக்கோடே மெல்ல ஏறி இறங்கும், அதை மூளையின் மெதுவான டெல்டா அலை என்று நினைத்துவிடுவார்கள். இப்போது வீடியோவும் சேர்ந்து ஓடுகிறது. இருந்தாலும் போர்வைக்குள் இருக்கும் அம்மாவின் கை கேமராவுக்குத் தெரியாது.

தூளிக்கு மட்டும் நான் சம்மதிப்பதில்லை. ஆட்டம் நின்றதும் விழித்துக்கொள்ளும். மடியிலேயே தூங்கவிட்டு, ஆழ்ந்தபின் படுக்கையில் இறக்குவது நல்லது. இறக்கும்போது தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, சுருட்டிய துண்டு ஒன்றைக் கழுத்துக்குக் கொடுங்கள். மல்லாக்கப் போட்டால் பின்னந்தலை எலக்ட்ரோடுகள் நசுங்கும். தூங்கியபின் இன்னொரு முறை இம்பீடன்ஸ் பாருங்கள். தூங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைக்கு டாக்டர் ட்ரைக்ளோஃபாஸ் சிரப்போ மெலடோனினோ எழுதித் தருவார். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் மருந்தில் விழும் தூக்கம் சில சமயம் தடாலென்று ஆழத்துக்குப் போய்விடும். நமக்கு வேண்டிய அந்த அசரும் நேரம் கைதவறிப் போகும். முதலில் ஒரு மணி நேரம் காத்திருந்து பார், பிறகு டாக்டரிடம் போ என்பது பெரிய சார் வைத்த வழக்கம். இன்னும் அதையே வைத்திருக்கிறேன்.

கைக்குழந்தைகளில் ஒரு நோய்க்குக் காத்திருப்பு மறுமுனையில் வேண்டும். ஆறு மாதக் குழந்தை, தூங்கி எழுந்ததும் திடீரென்று உடம்பைக் குறுக்கி, இரண்டு கையையும் விரித்து, தூக்கிப் போட்டதுபோல் ஒரு உதறல். சில விநாடி கழித்து இன்னொன்று. வரிசையாக வரும். வயிற்று வலி என்று ஓமத் தண்ணீர் கொடுத்து வீட்டிலேயே வைத்திருப்பார்கள். இங்கிலாந்தில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் தன் சொந்த மகனுக்கு வந்த இதே உதறலைப் பற்றி 1841-ல் லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார். வெஸ்ட் சிண்ட்ரோம் என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. இதன் பதிவில் ஒழுங்கு என்பதே இருக்காது. உயரமான அலைகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடக்கும், ஸ்பைக்குகள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில். தூக்கத்தில் அது துண்டு துண்டாக உடைந்து வரும். உதறல் கொத்தாக வருவது பெரும்பாலும் விழிக்கும்போதுதான். ஆகவே குழந்தை கண் திறந்ததும் ‘அப்பாடா’ என்று ஸ்விட்சைத் தட்டுபவன் முக்கியமானதை விட்டுவிடுகிறான். எழுந்து பதினைந்து நிமிஷம் ஓடட்டும். இந்தப் பதிவு மட்டும் சாயங்கால ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. அறையிலிருந்தே டாக்டரைக் கூப்பிட்டுவிடுவோம். ஏ.சி.டி.ஹெச். ஊசியோ ஸ்டீராய்டோ விகாபாட்ரின் மாத்திரையோ எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குக் குழந்தையின் அறிவு வளர்ச்சி தப்பும்.

என்னை அதிகம் உலுக்கியவர்கள் வலிப்பே தெரியாத பிள்ளைகள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. போன வருஷம் எழுத்துக் கூட்டி வாசித்தவள், இந்த வருஷம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது டெஸ்ட் எடுத்தார்கள், காது நன்றாகவே இருந்தது. சேட்டை, கவனமில்லை, அடித்தால் சரியாகும் என்று பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எப்போதோ ஒரு ராத்திரி ஒரே ஒரு தடவை வெட்டி இழுத்ததை அம்மா நினைவாகச் சொன்னதால்தான் எங்களிடம் வந்தாள். விழிப்பில் அங்கொன்று இங்கொன்று. தூங்கினாள். சொக்கிய இரண்டாவது நிமிஷத்திலிருந்து பக்கம் நிறைந்துவிட்டது. ஸ்பைக், அதன் பின்னால் மெது அலை, மறுபடி ஸ்பைக், இடைவெளியே இல்லாமல். குழந்தையோ வாய் லேசாகத் திறந்து அமைதியாகத் தூங்குகிறாள். "நல்லா தூங்குறா மேடம், ஒரு அசைவு இல்ல, ரெண்டு நாளாச் சரியாத் தூங்கல பாவம்" என்றார் அம்மா.

ஆழ்ந்த தூக்கத்தின் 85 சதவீத நேரத்துக்கு மேல் இந்த அலை ஓடினால் அது தனி ஒரு நோய் வகை. பாட்ரி, லியாகூபி, தசினாரி என்ற மூவர் 1971-ல் ஆறு குழந்தைகளிடம் கண்டு எழுதியது. பேச்சு போகும் வகையை 1957-லேயே லாண்டாவும் கிளெஃப்னரும் எழுதியிருக்கிறார்கள். பகலில் படித்ததை மூளை பத்திரப்படுத்தும் நேரம் தூக்கம். அந்த நேரம் முழுவதையும் இந்த அலை தின்றுவிடுவதால் பிள்ளை பின்னுக்குப் போகிறது என்று டாக்டர் விளக்கினார். இதற்குச் சதவீதம் எண்ண வேண்டும், எண்ணுவதற்கு ஆழ்ந்த தூக்கம் நிறைய வேண்டும், முடிந்தால் ஒரு ராத்திரி முழுக்க. அன்றைக்கு அறையை அடுத்தவருக்கு விடாமல் அவளைத் தூங்கவிட்டோம். வெளியே காத்திருந்தவர்கள் திட்டினார்கள். மருந்து தொடங்கி மாதங்கள் கழித்து மறுபதிவுக்கு வந்தபோது பாதிப் பக்கங்களில் வெறும் ஸ்பிண்டில்கள் ஓடிக்கொண்டிருந்தன. அன்று மட்டும் ஸ்பிண்டில்களைக் கொஞ்ச நேரம் வேலையில்லாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கற்க வருபவர்களுக்குக் கடைசியாக வருவது முகம். திரையில் ஓடுவது என்ன என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. தாய் நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். புருவம் நெரிந்தாலும் தப்பு, சிரித்தாலும் தப்பு. "என்ன மேடம் தெரியுது?" என்பாள். "டாக்டர் பாத்துச் சொல்வாங்கம்மா, பிள்ளைக்குப் பசிக்கும், ஏதாவது குடுங்க" என்று சொல்லிக்கொண்டே வெந்நீரில் பேஸ்ட்டைக் கழுவ வேண்டும். நம் வாயிலிருந்து ஒரு சொல் தப்பினால் அதைத்தான் அவர்கள் ஊருக்குக் கொண்டுபோவார்கள். டாக்டர் சொன்னது அப்புறம்தான்.

ஒரு கேள்விக்கு மட்டும் நான் வாய் திறப்பேன். பெண்குழந்தையாக இருந்தால், ஆறு வயதானாலும், கூட வந்த பெரியவர்கள் யாராவது அதைக் கேட்டுவிடுவார்கள். இதை வெளியே சொன்னால் நாளைக்குக் கல்யாணம் ஆகுமா என்று. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு இருப்பவருக்குத் தடை என்று முன்பு இருந்தது, 1999-ல் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள், கோர்ட்டில் இனி அது ஒரு காரணமே இல்லை என்று சொல்வேன். நாழிக்கல்பட்டிப் பக்கத்து அம்மாயி ஒருவர் இதைப் பொறுமையாகக் கேட்டார். "சட்டம் மாறிப்போச்சு, சரி கண்ணு. சம்பந்தி வூட்டுக்காரங்களுக்கு யாரு போயிச் சொல்றது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அதற்குப் பிறகு டாக்டரிடம் சொல்லி, அந்தச் சட்டத் திருத்தத்தைத் தமிழில் நாலு வரியாக அச்சடித்து, தேதிச் சீட்டின் பின்பக்கம் போட வைத்திருக்கிறேன்.